பல் டொக்டர் பாடிய அல்லேலூயா

சென்ற இதழில் ஒரு வாசகர், ‘தொண்ணூறுகளில் உங்களை வேலை செய்யவிடாமல் கெடுத்த பாட்டு எது?’ என்று கேட்டிருந்தார். சுவீடனில் இருந்து பாடிய டொக்டர் அல்பானின் ‘சிங் ஹாலலூயா’ என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களைப் பார்த்தால், அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் குளிரில் நடுங்கிக்கொண்டு திரிந்த எல்லோருக்கும் அந்தப் பாட்டோடு ஏதோ ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கிறது போலிருக்கிறது. ஆகவே இந்த இதழ் அதற்கே. விசா, முட்டுவலி, பிள்ளைகளின் கல்யாணம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே வரியில் முடித்தால் எப்படி அண்ணை? எங்கே, எப்படிக் கேட்டீர்கள்? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, சூரிச்

ஜேர்மனியில், டோர்ட்முண்டில், ஒரு உணவகத்தின் பின்குசினியில், 1993 வசந்தத்தில். நான் அங்கே கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ‘ரெஸ்ரோரண்டில் வேலை’ என்று மட்டும்தான் வீட்டுக்கு எழுதியிருந்தேன். அம்மா அதை ‘மனேச்சர்’ ஆக்கி ஊருக்குச் சொல்லிவிட்டார்.

தொட்டிக்கு மேலே இருந்த தட்டில் ஒரு சின்ன ரேடியோ. எண்ணெய்க் கை படக்கூடாது என்று, சாப்பாடு மூடுகிற மெல்லிய பிளாஸ்ரிக்கால் அதைச் சுற்றி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு கிழமையும் பழையதை உரித்துப் புதிதாகச் சுற்றுவதும் என் வேலை. சத்தத்தைக் கூட்ட வேண்டுமென்றால் பிளாஸ்ரிக்கோடு சேர்த்துத்தான் திருகியைத் திருக வேண்டும். இரண்டு முறை திருகினால் பிளாஸ்ரிக் முறுகி, மூன்றாம் முறை திருகி அசையாது. அதனால் எந்தப் பாட்டுக்குக் கூட்டுவது என்று யோசித்துத்தான் கை வைப்போம்.

நான் யாழ்ப்பாணத்தில் இளவாலைப் பக்கத்துக் கத்தோலிக்கன். சின்ன வயதிலிருந்தே கோயில் பாடகர் குழுவில் பாடியவன். ஈஸ்ரருக்கு முந்திய தவக்காலம் தொடங்கினால் எங்கள் பூசையில் அல்லேலூயா கிடையாது. விபூதிப் புதன் முதல், ஈஸ்ரருக்கு முந்திய இரவான பாஸ்கா இரவு வரை அந்தச் சொல்லை வாயில் எடுக்கமாட்டோம். அந்த நாற்பது சொச்ச நாளும் ஒரு பல் விழுந்த இடம் மாதிரி இருக்கும், நாக்கு அங்கேயே போகும். அந்த வருடம் ஈஸ்ரர் ஏப்ரல் 11. அதற்கு முந்திய கிழமைகளில் ஒருநாள், ஞாயிறு காலை அல்லேலூயா இல்லாத பூசை பார்த்துவிட்டு, மாலையில் வந்து தொட்டிக்கு முன்னால் நிற்கிறேன், ரேடியோவில் ஒரு கூட்டம் பேர் சேர்ந்து ‘ஹாலலூயா, ஹாலலூயா’ என்று கூரையைத் தூக்குகிறார்கள். கீழே அடி ‘டும் டும் டும் டும்’ என்று டிஸ்கோவில் விழுகிற மாதிரி விழுகிறது. நடுவில் ஒரு மனிதர் வருகிறார். கதைக்கிறாரா, பாடுகிறாரா, திட்டுகிறாரா என்று பிரிக்க முடியாத குரல்.

அடுப்படியில் நின்ற போலந்துக்காரர் என்னை விடப் பழுத்த கத்தோலிக்கர். அவர் நெற்றியில் சிலுவை போட்டார். போட்டுவிட்டு அதே கையால் எட்டி ரேடியோவைக் கூட்டினார்.

இந்த அல்பான் உண்மையிலேயே டொக்டரா, அல்லது நம் ஊர் ‘டொக்டர்’ பட்டங்கள் மாதிரியா?
— பல் மருத்துவ மாணவி, பேராதனை

உங்கள் துறைதான் பிள்ளை! அல்பான் உசோமா நுவாபா என்பது முழுப் பெயர். நைஜீரியாவில் ஒகுட்டா என்ற ஊரில் 1957 இல் பிறந்தவர். வீட்டில் பத்துப் பிள்ளைகள். இருபத்துமூன்று வயதில் பல் மருத்துவம் படிக்க சுவீடனுக்குப் போனார். படிப்புச் செலவுக்குக் காசு வேண்டுமே, அதற்காக ஸ்ரொக்ஹோமில் ‘அல்ஃபபெட் ஸ்ரீற்’ என்ற கிளப்பில் இரவில் இசைத்தட்டுப் போடும் வேலை. தட்டுப் போடுகிறவர் தட்டை மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு பாட்டுக்கு மேலேயே தானும் பாடினார். ஜமேக்காக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஓடுகிற தாளத்துக்கு மேல் சொற்களை வீசுவது ஒரு தனிக் கலை. சனம் தட்டை விட்டுவிட்டு இவரைக் கேட்கத் தொடங்கியது.

படிப்பையும் விடவில்லை. முடித்து, பல் வைத்தியமும் பார்த்தார். முதல் பாட்டு ‘ஹலோ ஆஃப்ரிக்கா’ 1990 இல் வந்தபோது பெயருக்கு முன்னால் ‘டொக்டர்’ வந்தது இப்படித்தான். காசு கொடுத்து வாங்கிய பட்டமில்லை, பல் பிடுங்கிச் சம்பாதித்தது. எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், பகலில் ஒருவர் வாயைத் திறக்கச் சொல்லும் மனிதர், இரவில் ஆயிரம் பேரை வாயைத் திறக்கச் சொல்கிறார்.

எங்கள் இளைஞர் குழுவில் பெரிய வாக்குவாதம். இது கடவுளைத் துதிக்கும் பாட்டா, அல்லது கடவுளை வைத்து விற்ற டிஸ்கோப் பாட்டா? கோயில் விழாவில் போடலாமா?
— தேவாலய இளைஞர் குழு உறுப்பினர், ரொறன்ரோ

துதிப்பாட்டு இல்லை, தம்பி. துதிப்பாட்டின் சட்டையை இரவல் வாங்கிப் போட்ட ஆட்டப்பாட்டு. ஆனால் இரவல் சட்டை அளவாகப் பொருந்தியிருக்கிறது. ஏனென்று சொல்கிறேன்.

அமெரிக்கக் கறுப்பினக் கோயில்களில் பாட்டு எப்படி நடக்கிறது? ஒருவர் முன்னால் நின்று ஒரு வரி எடுத்துக் கொடுப்பார், கூட்டம் அதற்குப் பதில் சொல்லும். நம் பஜனையிலும் இதுதானே வழக்கம். கைத்தட்டு இரண்டாம், நான்காம் எண்ணிக்கையில் விழும். நாம் பழக்கதோஷத்தில் முதலாம் எண்ணிக்கையில் தட்டுவோம். ‘கோஸ்பல்’ என்கிற இந்தக் கோயில் பாட்டுக்கு அப்படித் தட்டிப் பாருங்கள், வண்டி கல்லில் ஏறும். பியானோ மெல்லிசை வாசிக்காது, ஸ்வரக் கூட்டுகளைக் குத்திக் குத்திப் போகும். அந்தக் கோயில்களில் வளர்ந்தவர்கள்தான் எழுபதுகளில் டிஸ்கோப் பாட்டுகளை உச்சக் குரலில் பாடினார்கள். டிஸ்கோ அடங்கியதும் எண்பதுகளில் சிக்காகோவில் ‘ஹவுஸ்’ என்று மெசின் தாளத்தோடு எழும்பியது. அது இத்தாலிக்கு வந்தது, ஜேர்மனிக்கு வந்தது, சுவீடனுக்கும் வந்தது. 1988 இல் கோர்க் என்ற ஜப்பான் நிறுவனம் ‘எம் 1’ என்று ஒரு கீபோட் விட்டது. அதில் இருந்த பளீரென்ற பியானோ ஒலி, தொண்ணூறுகளின் ஆட்டப்பாட்டுகள் எத்தனையோவற்றின் முதுகெலும்பு. ஆக, ஐரோப்பியப் பையன்கள் கோயிலுக்குப் போகாமலே கோயில் பாட்டின் எலும்புக்கூட்டை வைத்திருந்தார்கள். அதற்கு ‘ஹாலலூயா’ என்ற சொல்லைப் போர்த்தினால் உயிர் வராமல் என்ன செய்யும்?

போடலாமா என்று கேட்டீர்கள். அல்லேலூயா என்றால் எபிரேயத்தில் ‘யாவைத் துதியுங்கள்’ என்று ஏவல். ‘யா’ கடவுள் பெயரின் சுருக்கம். வேதாகமத்தில் உள்ள சங்கீதப் புத்தகத்தின் கடைசி ஐந்து பாட்டுகளும் அந்தச் சொல்லில் தொடங்கி அந்தச் சொல்லில்தான் முடிகின்றன. கடைசியில் வரும் நூற்றைம்பதாவதைத் தமிழ் வேதாகமத்தில் பாருங்கள், நடனத்தோடும் துதியுங்கள் என்று இருக்கிறது. யாழும் வருகிறது, யாழ்ப்பாணத்தான் என்பதால் அதை விசேடமாகக் கவனித்திருக்கிறேன். ஆகவே வேதத்தில் தடை இல்லை. உங்கள் பங்குத் தந்தையிடம் தடை இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

இவ்வளவு பெரிய வெற்றி என்கிறீர்கள். எத்தனையாம் இடம் வந்தது? ஏன் சுவீடன்? பாட்டுக்கும் அந்தப் பனிக்கும் என்ன சம்பந்தம்?
— ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், லண்டன்

ஆசிரியர் இலக்கம் கேட்டால் கொடுத்துத்தானே ஆக வேண்டும். உங்கள் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் பதினாறாம் இடம். ஜேர்மனியிலும் அக்கம்பக்கத்து நாடுகளிலும் முதல் பத்துக்குள். அமெரிக்காக்காரர் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர்களுக்கு வீட்டில் அசல் இருக்கும்போது இரவல் எதற்கு? இதற்கு முந்திய வருடம், 1992 இல், இதே ‘ஒன் லவ்’ தொகுப்பிலிருந்து வந்த ‘இற்ஸ் மை லைஃப்’ இன்னும் பெரிய அடி: ஜேர்மனியில் முதலிடம், பிரித்தானியாவில் இரண்டாமிடம். இலக்கத்தை மட்டும் பார்த்தால் அதுதான் அண்ணன், ஹாலலூயா தம்பி. ஆனால் கல்யாண வீட்டில் யாரும் அண்ணனைப் போடச் சொல்லிக் கேட்டு நான் காணவில்லை.

சுவீடனுக்குக் காரணம் ஒரு ஆள். டெனிஸ் பொப். சொந்தப் பெயர் டாக் வொல்லே. 1963 இல் பிறந்தவர். இசைக்கருவி ஒன்றும் ஒழுங்காக வாசிக்கத் தெரியாது. அவரும் தட்டுப் போடுகிறவர்தான். சுவெமிக்ஸ் என்ற கூட்டத்தில் இருந்துகொண்டு, மற்றவர்களின் பாட்டை வெட்டி ஒட்டி ஆடத்தக்கதாக மாற்றுவதைத் தொழிலாகச் செய்தார். அல்பானைக் கிளப்பில் கண்டுபிடித்து இசைத்தட்டுக்குக் கொண்டுவந்தது அவர்கள்தான். எந்த இடத்தில் சனம் பாருக்குப் போகும், எந்த இடத்தில் திரும்பி ஓடிவரும் என்பது அவருக்கு மேடையில் நின்று கண்ணால் கண்ட பாடம். பாட்டுக் கல்லூரியில் அது சொல்லித்தர மாட்டார்கள்.

அவரைப் பற்றி ஒரு கதை. ஒரு புதிய குழு தங்கள் கசெற்றை அவருக்கு அனுப்புகிறது. அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கசெற் அவருடைய காரில் இருந்த கசெற் பெட்டியில் சிக்கிக்கொண்டது. வெளியே வரமாட்டேன் என்கிறது. வேறு வழியில்லாமல் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதையே கேட்டுக் கேட்டு, கடைசியில் ‘சரி, இதைச் செய்வோம்’ என்று இறங்கினார். அதுதான் ‘ஏஸ் ஒஃப் பேஸ்’ குழுவின் ‘ஓல் தற் ஷீ வோன்ஸ்’. உலகம் முழுக்க ஓடியது. நல்ல காராக இருந்திருந்தால் கெட்டுப் போயிருக்கும்.

பிறகு அவர் ஸ்ரொக்ஹோமில் நடத்திய செய்ரன் ஸ்ரூடியோவில்தான், பிறகு உலகப் புகழ் பெற்ற பாட்டுக்காரர் மக்ஸ் மார்ட்டின் தொழில் பழகினார். அமெரிக்கப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸின் முதல் பாட்டு அந்தச் சுவர்களுக்குள் பிறந்தது. அது வெளிவந்து உலகத்தைப் பிடித்ததைப் பார்க்க டெனிஸ் இல்லை. 1998 ஓகஸ்ட் 30 இல் வயிற்றுப் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது. வயது 35.

பின்னால் பாடும் அந்தப் பெண் குரல்கள்தான் என்னைக் கொல்கின்றன. ஆனால் அந்தக் காலத்துப் பாட்டுகளின் வீடியோவில் பாடுகிறவர் ஒருவர், வாயசைக்கிறவர் இன்னொருவர் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
— ஒரு வாசகி, பாரிஸ்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன், அக்கா. அல்பான் தன் வாயால் பாடினார், தன் முகத்தைக் காட்டினார், அவர் கணக்குச் சரி. மற்ற இடங்களில் நடந்ததைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும்.

லொலியற்றா ஹொலவே என்று ஒரு பாடகி. சிக்காகோக்காரி. தாயின் கோயில் பாடகர் குழுவில் வளர்ந்து, ‘கரவான்ஸ்’ என்ற பேர்போன கோஸ்பல் குழுவிலும் பாடியவர். 1980 இல் ‘லவ் சென்சேஷன்’ என்று ஒரு டிஸ்கோப் பாட்டுப் பாடினார். ஒன்பது வருடம் கழித்து இத்தாலியில் ‘பிளக் பொக்ஸ்’ என்ற பெயரில் மூன்று பேர் சேர்ந்து, அவருடைய குரலைத் துண்டு துண்டாக வெட்டி, பியானோவுக்கு மேல் ஒட்டி, ‘றைட் ஒன் ரைம்’ (Ride on Time) என்று வெளியிட்டார்கள். பெயரைக் கவனியுங்கள். அவர் பாடியது ‘சரியான நேரத்தில்’ (right on time) என்ற பொருளில். இத்தாலிக்காரர் காதில் அது ‘நேரத்தில் ஏறி ஓடு’ என்பது போல விழுந்து, அப்படியே அட்டையில் ஏறியது. ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த அகதியான எனக்கு இதைக் கேள்விப்பட்டபோது வந்த ஆறுதல் கொஞ்சமில்லை.

அந்தப் பாட்டு பிரித்தானியாவில் ஆறு கிழமை முதலிடத்தில் நின்றது. 1989 இல் அங்கே அதிகம் விற்ற ஒற்றைப்பாட்டு அதுதான். தொலைக்காட்சியில் வாயசைத்தது கத்ரின் கினோல் என்ற மொடல் அழகி. ஹொலவேயின் பெயர் எங்கும் இல்லை. பிறகு சட்டத்தரணி வைத்துத்தான் பணம் வாங்கினார்.

இன்னொருவர் மார்த்தா வொஷ். சன் பிரான்சிஸ்கோவில் கோயிலில் பாடிப் பழகியவர். ‘இற்ஸ் றெய்னிங் மென்’ பாடிய இருவரில் ஒருவர். அதே பிளக் பொக்ஸின் அடுத்த பாட்டுகள் பலவற்றில் குரல் இவருடையது. வீடியோவில் முகம் மறுபடியும் அந்த மொடலுடையது. 1990 இன் கடைசியில் அமெரிக்காவில் ‘சீ அன்ட் சீ மியூசிக் ஃபக்ரறி’ என்ற குழு ஒரு பாட்டு விட்டது. ‘எல்லோரும் இப்போது ஆடுங்கள்’ என்று ஒரு பெண் குரல் இடி மாதிரி இறங்கும், உங்களுக்கு நிச்சயம் தெரியும். அதுவும் மார்த்தா வொஷ். வீடியோவில் வாயசைத்தவர் ஒல்லியான இன்னொரு பெண். அந்த ஒல்லி முகத்தைத் தேடியது ஏன் என்பதைப் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மார்த்தா கனத்த உடம்புக்காரி.

அவர் சும்மா விடவில்லை. இசை நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டார். சமரசமாக முடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு யார் பாடினார் என்று அட்டையில் போடுவதில் நிறுவனங்கள் கவனமாகிவிட்டன. ஹொலவேக்கும் கொஞ்சம் நியாயம் கிடைத்தது: 1991 இல் மார்க்கி மார்க் என்பவரின் ‘குட் வைப்ரேஷன்ஸ்’ பாட்டில் அதே பழைய குரலைப் போட்டபோது, அவர் பெயரையும் சேர்த்துப் போட்டார்கள். அது அமெரிக்காவில் முதலிடம் வந்தது.

முன்னால் மேசையில் இருக்கிறவருக்குப் பின்குசினியில் நிற்கிறவனைத் தெரியாது. அந்த உணவகத்தில் எல்லோரும் பரிமாறுகிற பெண்ணைப் பார்த்துச் சிரித்து ‘பளபளவென்று இருக்கிறது’ என்று கோப்பையைப் பாராட்டுவார்கள். எனக்கு மார்த்தா வொஷ்ஷைப் பிடிக்க வேறு காரணம் தேவையா?

இந்த அல்பான் ஒரு பெண்கள் சாமான் விளம்பரத்தில் வந்தாராமே? என் மனைவி சொல்கிறார், நான் நம்பவில்லை.
— ஒரு வாசகர், ஒஸ்லோ

மனைவியை நம்புங்கள். அல்பான் வரவில்லை, அவருடைய பாட்டு வந்தது. ‘இற்ஸ் மை லைஃப்’ (இது என் வாழ்க்கை) என்ற அந்தப் பாட்டை, டாம்பக்ஸ் என்ற மாதவிடாய்ப் பஞ்சின் விளம்பரத்துக்கு எடுத்தார்கள். ஐரோப்பாவில் அந்தப் பாட்டு அத்தனை வீடுகளுக்குள் போனதற்கு அந்த விளம்பரத்துக்கும் பங்குண்டு.

நீங்கள் எல்லோரும் அங்கே இதற்கு ஆடிக்கொண்டிருக்கும்போது எங்களுக்கு இப்படி ஒரு பாட்டு வந்ததே தெரியாது.
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

இது கேள்வி இல்லை, குற்றச்சாட்டு. ஏற்றுக்கொள்கிறேன். 1993 இல் போர்க்காலம், உங்களுக்கு மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ கேட்ட காலம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும். அந்தக் காலுழைப்பை இப்படி ஒரு பாட்டில் யார் செலவழிப்பார்கள்? என் தம்பி எழுதிய கடிதம் ஒன்றில், ‘பற்றரி அனுப்ப வழி உண்டோ’ என்று கேட்டிருந்தான். வழி இருக்கவில்லை.

இதே மாதிரி வேறு பாட்டு ஒன்று சொல்லுங்கள். ஒன்றே ஒன்று.
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

றொசாலா பாடிய ‘எவ்ரிபடிஸ் ஃப்ரீ’, 1991. சாம்பியாவில் பிறந்து சிம்பாப்வேயில் பாடத் தொடங்கியவர். இங்கிலாந்தில் ஆறாம் இடம். அதுவும் கோயில் வாடை அடிக்கிற ஆட்டப்பாட்டுத்தான். வேடிக்கை என்னவென்றால், 1996 இல் வந்த ‘றோமியோ பிளஸ் ஜூலியற்’ படத்தில் கல்யாணக் காட்சிக்கு, ஒரு சிறுவன் கோயிலுக்குள் பாடகர் குழுவோடு நின்று அதே பாட்டைப் பாடுகிறான். கோயிலில் இருந்து கிளப்புக்குப் போனது மறுபடி கோயிலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. முதலில் 1991 பாட்டைக் கேளுங்கள், அப்புறம் படத்தில் வருவதை. மாற்றிக் கேட்டால் சுவை குறையும்.

அந்த வருடம் ஈஸ்ரருக்கு என்ன செய்தீர்கள்?
— முதல் கேள்வி கேட்ட அதே வாசகி, சூரிச் (அடுத்த நாளே இரண்டாவது செய்தி அனுப்பியிருந்தார்)

பாஸ்கா இரவுப் பூசைக்கு விடுமுறை கேட்டேன், கிடைக்கவில்லை. சனி இரவு உணவகத்தில் கூட்டம் அதிகம். பதினொரு மணிக்கு மேல் கடைசிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போலந்துக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார். இந்நேரம் கோயிலில் மணி அடித்திருப்பார்கள், தவக்காலம் முடிந்தது என்றார் அரைகுறை ஜேர்மனில். ரேடியோவில் ஏதோ காற்பந்துக் கதை போய்க்கொண்டிருந்தது. பாட்டு வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தோம், வரவில்லை. அவர் கரண்டியால் அடுப்பில் ‘டும் டும் டும் டும்’ என்று தட்டத் தொடங்கினார். நான் இரண்டாம், நான்காம் எண்ணிக்கையில் ஈரக் கையால் சட்டியில் தட்டினேன். அவர் முன்வரி எடுத்தார், போலந்து மொழியில். நான் தமிழில் பதில் சொன்னேன். அந்தச் சொல் மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

சத்தம் கேட்டு முதலாளி கதவைத் திறந்து பார்த்தார். இன்னும் எத்தனை சட்டி இருக்கிறது என்று கேட்டார். ஒன்று என்றேன். சரி என்று கதவைச் சாத்தினார்.